தீமுக்குள் வந்த கோப்பு: டிம்தம்ப் குறைபாடும் அதன் விளைவும்

வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளைக் கொண்டு இணையதளம் அமைப்போர், தளத்தின் தோற்றத்திற்காகத் 'தீம்' எனப்படும் ஆயத்த வடிவமைப்புத் தொகுப்பு ஒன்றை நிறுவிக்கொள்வது வழக்கம். தீம் என்றால் வண்ணமும் எழுத்துருவும் சேர்ந்த அலங்காரம் மட்டுமே என்று பலர் எண்ணினாலும், உண்மையில் அது சர்வரில், அதாவது தளத்தின் கோப்புகளை வைத்துக்கொண்டு வாசகர் கேட்கும் பக்கங்களை அனுப்பிவைக்கும் கணினியில், இயங்கும் நிரல்களின் தொகுதியாகும். மூல மென்பொருளுக்கு அந்தச் சர்வரில் உள்ள அதே அதிகாரம் தீமுக்கும் உண்டு. எனவே வேர்ட்பிரஸை உருவாக்கியோரும் அல்லாத, தளத்தின் உரிமையாளரும் அல்லாத மூன்றாமவர் எழுதிய தீமில் உள்ள ஒரு பிழை, தளம் முழுவதையும் பிறர் வசமாக்கிவிடக்கூடும். 2011 ஆகஸ்டில் வெளிப்பட்ட டிம்தம்ப் குறைபாடு இதற்குத் தெளிவான சான்று.

டிம்தம்ப் என்பது பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்ட ஒரே ஒரு கோப்பு. பெரிய படத்தைக் கொடுத்தால் அதை வேண்டிய அளவுக்குச் சுருக்கித் தருவதே அதன் வேலை. செய்தித் தலைப்புகளின் பக்கத்தில் சிறு படங்களைக் காட்டும் வசதி வேர்ட்பிரஸில் இயல்பாக இல்லாத காலத்தில், தீம் தயாரிப்பாளர்கள் பலர் இக்கோப்பை அப்படியே எடுத்துத் தங்கள் தீமுக்குள் வைத்து விற்றனர். 2009 டிசம்பரில் வெளியான வேர்ட்பிரஸ் 2.9 பதிப்பு அவ்வசதியைத் தானே வழங்கத் தொடங்கிய பிறகும், பழகிய கோப்பைப் பல தீம்கள் கைவிடவில்லை.

தளத்திலுள்ள படங்களோடு பிற தளங்களின் படங்களையும் வரவழைத்துச் சுருக்கும் ஆற்றல் டிம்தம்பிற்கு இருந்தது. பிளிக்கர், பிகாசா, பிளாகர், யூடியூப், விக்கிமீடியா போன்ற சில நம்பகமான தளங்களின் பட்டியல் ஒன்று அதற்குள் எழுதப்பட்டிருந்தது. அவற்றிலிருந்து மட்டுமே படம் பெறலாம் என்பது ஏற்பாடு. ஆனால் வரும் முகவரி பட்டியலிலுள்ள தளத்தினுடையதுதானா என்று சோதித்த வரி, பட்டியலிலுள்ள பெயர் முகவரியில் எங்கேனும் இடம்பெறுகிறதா என்று மட்டுமே பார்த்தது. இணைய முகவரியில் உரிமை யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது பெயரின் கடைசிப் பகுதியாகும். அதற்கு முன்னால் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் உரிமையாளர் தாமே சேர்த்துக்கொள்ளலாம். பெயர்ப்பலகையில் மதுரை என்று எழுதியிருப்பதால் கோயம்புத்தூரிலுள்ள உணவகம் மதுரையில் இருப்பதாகிவிடாது. டிம்தம்போ பலகையை மட்டும் படித்து ஊரை முடிவு செய்தது. தாக்குபவர் தமக்குச் சொந்தமான முகவரியின் முன்பகுதியில் 'பிளாகர்.காம்' என்று சேர்த்துக்கொண்டாலே போதும், சோதனை அவரை உள்ளே விட்டது.

இப்பிழை மட்டும் இருந்திருந்தால் சேதம் குறைவாகவே இருந்திருக்கும். வெளியிலிருந்து பெற்ற கோப்பை டிம்தம்ப் தற்காலிகமாகச் சேமித்த கோப்புறை, உலாவியில் முகவரியைத் தட்டச்சு செய்யும் எவரும் நேரடியாக அணுகக்கூடிய இடத்தில் இருந்தது என்பதே பெருங்கேடாயிற்று. தொடக்கத்தில் படத்திற்குரிய அடையாளங்களையும் அவற்றைத் தொடர்ந்து பி.எச்.பி. கட்டளைகளையும் கொண்ட கோப்பைத் தாக்குபவர் அனுப்பினால், அது பி.எச்.பி. என்ற பின்னொட்டுடனேயே அங்கே சேமிக்கப்பட்டது. பிறகு அதன் முகவரியைத் திறந்த மாத்திரத்தில் சர்வர் அக்கட்டளைகளை நிறைவேற்றியது. கடவுச்சொல் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

தாம் இடாத விளம்பரங்கள் தம் தளத்தில் தோன்றுவதைக் கண்டு காரணத்தைத் தேடிச் சென்ற மார்க் மாண்டர் என்ற நிரலாளர் இதைக் கண்டறிந்து பகிரங்கப்படுத்தினார். அவர் அந்தக் கோப்பைப் புதிதாக எழுத, அதைப் பராமரித்துவந்த பென் கில்பேங்க்ஸ் தற்காப்பு வாதம் எதிலும் இறங்காமல் அதை ஏற்றுக்கொள்ள, சில நாட்களுக்குள் டிம்தம்ப் 2.0 வெளியாயிற்று. புதிய பதிப்பு, சேமிக்கும் கோப்புகளுக்கு இயங்க முடியாத உரைக்கோப்பின் பின்னொட்டை இட்டது. பிழையைக் கண்டோரும் திருத்தியோரும் நடந்துகொண்ட விதம் மனமாரப் பாராட்டத்தக்கது.

ஆயினும் திருத்தம் தளங்களைச் சென்றடையவில்லை. வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வத் தொகுப்பிலிருந்து பெற்ற தீமுக்குப் புதிய பதிப்பு வந்தால் தளத்தின் நிர்வாகப் பக்கம் அறிவிப்புக் காட்டும். வெளியில் விலைக்கு வாங்கிய தீம்களில் பலவற்றிற்கு அவ்வறிவிப்பு வருவதில்லை. தீமின் கோப்புகளிலேயே கைவைத்துத் தம் விருப்பப்படி மாற்றிக்கொண்டவர்கள், புதுப்பித்தால் அம்மாற்றங்கள் அழிந்துவிடும் என்று அஞ்சித் தள்ளிப்போட்டனர். சில தீம்களில் அக்கோப்பு வேறு பெயரில் இருந்ததால் தேடியவர்கள் கண்ணிலும் படவில்லை. பயன்படுத்தாமல் விட்டுவைத்த பழைய தீம் ஆபத்தற்றது என்ற நம்பிக்கையும் தவறு; தீமை முடக்கிவைத்தாலும் அதன் கோப்புகள் சர்வரில் இருக்கும் வரை வெளியிலிருந்து அவற்றை அழைத்து இயக்க முடியும். இத்தனைக்கும் அடிப்படை, தம் தளத்தில் டிம்தம்ப் இருக்கிறது என்பதே உரிமையாளர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாமல் இருந்ததுதான். தீம் விற்பவர், அதற்குள் பிறர் எழுதிய எந்தெந்தக் கோப்புகள் இருக்கின்றன என்று வாங்குபவரிடம் சொல்லக் கடமைப்பட்டவர். அக்கடமை அன்று நிறைவேற்றப்படவில்லை.

மூன்று ஆண்டுகளில் அதே வகைக் கேடு மீண்டும் நேர்ந்தது. ஸ்லைடர் ரெவல்யூஷன் என்ற படக்காட்சிச் செருகுநிரல் பல தீம்களுக்குள் இணைத்து விற்கப்பட்டிருந்தது. தளத்தின் தரவுத்தளக் கடவுச்சொல் அடங்கிய கோப்பையே பதிவிறக்கிக்கொள்ள வழிவிட்ட பிழை ஒன்று அதில் இருந்தது. 2014 டிசம்பரில் அச்செருகுநிரல் வழியாகப் பரவிய சோக்சோக் தாக்குதலை அடுத்து, 11,000-க்கும் மேற்பட்ட தளங்களைக் கூகுள் ஆபத்தானவை எனப் பட்டியலிட்டது.

2014 செப்டம்பரில் கில்பேங்க்ஸ் டிம்தம்பின் பராமரிப்பை நிறுத்திக்கொண்டார். ஆகவே இனி அதில் காணப்படும் பிழைகளுக்கு அவரிடமிருந்து திருத்தம் வராது. பழைய வேர்ட்பிரஸ் தளம் வைத்திருப்போர், தீம் கோப்புறையைத் திறந்து அக்கோப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதை நம்பியிருக்கும் தீமையே மாற்றிவிட வேண்டும். பயன்பாட்டில் இல்லாத தீம்களை முடக்குவதோடு நில்லாமல் அடியோடு நீக்கிவிட வேண்டும்.