யாருக்கு, யார் செலவில்?

கேட்டுப் பெற்ற எண்கள் – 9

ஆயிரம், இரண்டாயிரம் பேரைக் கேட்டு ஒரு நாட்டின் மனத்தை எப்படி அறிகிறார்கள் என்று சென்ற வாரம் பார்த்தோம். ஆட்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, அவர்களிடம் என்ன கேட்கிறோம் என்பதில் இருக்கிறது. இல்லாதவருக்கு அரசு உதவ வேண்டுமா என்பது போன்ற விஷயங்களில் கேள்வியே பதிலைத் தலைகீழாகப் புரட்டிவிடும்.

அமெரிக்காவில் 1972 முதல் 'ஜெனரல் சோஷியல் சர்வே' என்ற கணக்கெடுப்பு நடந்துவருகிறது. இன்னின்ன காரியங்களுக்கு அரசு செலவழிப்பது கூடுதலா, குறைவா, சரியான அளவா என்பது அதில் நெடுங்காலமாகக் கேட்கப்படும் கேள்வி. 1980களின் நடுவில் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரிடம் 'வெல்ஃபேர்' (அரசு தரும் நல உதவி) செலவைப் பற்றியும் மற்றொரு பகுதியினரிடம் 'ஏழைகளுக்கான உதவி'யைப் பற்றியும் கேட்டார்கள். வெல்ஃபேருக்குச் செலவழிப்பது போதாது என்றவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். ஏழைகளுக்கான உதவி போதாது என்றவர்களோ 60 சதவீதத்துக்கும் மேல். நாடு ஒன்று, ஆண்டும் ஒன்று. கைமாறும் பணமும் பெரும்பாலும் அதே பணம்.

இந்த இடைவெளியை ஆய்வாளர் டாம் ஸ்மித் 1987இல் ஒரு கட்டுரையில் விரிவாக ஆராய்ந்தார். இதன் வேர் எங்கே என்பதற்கு எனக்கு மிகவும் பொருத்தமாகப் படும் விளக்கம் அரசியல் ஆய்வாளர் மார்ட்டின் கிலன்ஸ் 1999இல் எழுதிய நூலில் இருக்கிறது. அமெரிக்கச் செய்தி வார இதழ்கள் வறுமையைப் பற்றி எழுதியபோதெல்லாம் வெளியிட்ட படங்களை அவர் எண்ணிப் பார்த்தார். ஏழைகளில் கறுப்பினத்தவரின் உண்மையான பங்கைவிடப் படங்களில் அவர்களின் பங்கு மிக அதிகம். அதனால் வெல்ஃபேர் என்று காதில் விழுந்ததும் பலர் மனத்தில் ஒரு குறிப்பிட்ட முகம் எழுந்தது. அவர்கள் அந்த முகத்துக்குத்தான் பதில் சொன்னார்கள்.

அப்படியானால் அந்த முகத்தைக் கேள்வியே வெளிப்படையாகச் சொல்லிவிடலாமே? ஐரோப்பிய ஆய்வாளர்கள் அதைத்தான் செய்தார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த விம் வான் ஓர்ஸ்கொட் இதில் முன்னோடி. ஒருவருக்கு உதவலாமா என்று முடிவெடுக்கும்போது மனிதர்கள் ஐந்து விஷயங்களை எடைபோடுகிறார்கள் என்றார் அவர். இந்த நிலைக்கு அவரே காரணமா? உதவியை நன்றியோடு பெறுகிறாரா? இதற்கு முன் ஏதாவது கொடுத்திருக்கிறாரா, இனியாவது கொடுப்பாரா? நம்மவரா? எவ்வளவு கஷ்டத்தில் இருக்கிறார்? ஐரோப்பிய நாடுகளில் திரும்பத் திரும்ப ஒரே வரிசை வந்தது. முதலில் முதியோர், அடுத்து நோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளும், பிறகு வேலையில்லாதோர், கடைசியில் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள். இந்த நால்வரையும் 'ஏழைகள்' என்ற ஒரே கேள்வியில் அடைத்திருந்தால் இந்த வரிசை கண்ணிலேயே பட்டிருக்காது.

2002இல் தொடங்கிய ஐரோப்பிய சமூகக் கணக்கெடுப்பு, 2008இலும் 2016இலும் நலத்திட்டங்களுக்கென்றே ஒரு தனிப் பகுதியை ஒதுக்கியது. குடியேறியவருக்கு உதவி எப்போது கிடைக்க வேண்டும் என்ற அதன் கேள்வியை நல்ல கேள்விக்கு மாதிரியாகச் சொல்வேன். வந்திறங்கியதுமா, வேலை பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஓராண்டு வசித்த பிறகா, ஓராண்டாவது வேலை செய்து வரி கட்டிய பிறகா, குடியுரிமை பெற்ற பிறகா, ஒருபோதும் கூடாதா என்று ஐந்து படிகள். உதவலாம், கூடாது என்று இரண்டே பதில் வைத்திருந்தால் ஐரோப்பா இரண்டு முகாம்களாகத் தெரிந்திருக்கும். படிகளை வைத்ததால் மனத்தில் இருக்கும் நிபந்தனை வெளியே வந்தது. அதிகம் பேர் போய் நின்றது வேலையும் வரியும் என்ற நடுப்படியில்.

அதே பகுதியில், நலத்திட்டங்கள் மக்களைச் சோம்பேறிகளாக்குகின்றனவா என்றும் கேட்டார்கள். வேலையில்லாமல் உதவித்தொகையில் வாழ்பவரின் வீட்டில் உட்கார்ந்துகூட இதைக் கேட்டாக வேண்டியிருந்தது. எனக்கு இது நெருடுகிறது. ஆனாலும் விட்டுவிட முடியாது. ஊரே பேசும் பேச்சை ஆய்வு கேட்காமல் போனால் அந்தப் பேச்சுக்கு எவ்வளவு செல்வாக்கு என்று தெரியாமலே போகும். சொன்னதற்கெல்லாம் 'ஆமாம்' போடும் பழக்கமும் மனிதர்களுக்கு உண்டு. அதனால் நலத்திட்டம் வறுமையைத் தடுக்கிறது, சமத்துவத்தை வளர்க்கிறது என்ற எதிர்த்திசை வாக்கியங்களையும் உடன் வைத்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டுபவர் அப்போது தெரிந்துவிடுவார்.

அடுத்து விலை. முதியோருக்கு நல்ல வாழ்க்கை கிடைக்கச் செய்வது அரசின் பொறுப்பா என்று கேட்டால், ஆமாம் என்பதற்கு யாருக்கும் காசு செலவில்லை. 2016இல் இதைச் சரிசெய்யப் பார்த்தார்கள். வேலையில்லாதோரின் உதவித்தொகையைக் குறைத்து, அந்தப் பணத்தில் அவர்களுக்குக் கூடுதல் கல்வியும் பயிற்சியும் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். ஒன்றை எடுத்தால்தான் இன்னொன்று கிடைக்கும் என்று தெரிந்து சொல்லும் பதிலைத்தான் நான் நம்புவேன்.

ஆனால் விலையைச் சேர்த்தாலும் சிக்கல் தீர்வதில்லை. அதே ஆண்டு, எல்லோருக்கும் மாதந்தோறும் அடிப்படை வருமானம் தரும் திட்டத்தைப் பற்றியும் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே தொகை, சம்பாதிப்பதும் அவரவருக்கே, செலவு வரிப்பணத்திலிருந்து, இப்போதுள்ள உதவிகள் பலவற்றுக்கு இது மாற்று என்று முதலில் விளக்கினார்கள். லிதுவேனியாவில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். நார்வேயில் மூன்றில் ஒருவர்தான். நார்வேக்காரர்களுக்கு இரக்கம் குறைவு என்று இதைப் படித்தால் பெரும் பிழையாகும். கையில் ஏற்கெனவே வலுவான உதவிகள் உள்ளவர் 'மாற்று' என்பதை இழப்பாகக் கேட்பார். அதிகம் இல்லாதவர் அதையே வரவாகக் கேட்பார். விளக்கத்தைச் சுருக்கியிருந்தால் ஆளாளுக்கு ஒரு திட்டத்தைக் கற்பனை செய்துகொண்டிருப்பார்கள் என்பது உண்மை. ஆனாலும் இத்தனை அம்சங்களை ஒரே மூச்சில் சொல்லி ஒரே பதில் கேட்டதால், வேண்டாம் என்றவர் எந்த அம்சத்தை வேண்டாம் என்றார் என்பதைப் பிரித்தெடுக்க வழியில்லை. அம்சங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பல பேரிடம் பல வடிவில் கேட்டிருக்க வேண்டும். அதற்குக் கூடுதல் ஆட்களும் நேரமும் பணமும் வேண்டும். வீட்டுக்கு வந்து உட்காரும் கணக்கெடுப்பாளருக்கு மொத்தமாகக் கிடைப்பதே ஒரு மணி நேரம்தான்.

அந்த ஒரு மணி நேரத்தில் 'தெரியாது' என்று சொல்லிவிடுபவர்களைக் கணக்கில் எங்கே சேர்ப்பது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)