11,500 வரிகளுக்கு 11 ஆண்டு வழக்கு: ஆப் எழுதுவோர் அறிய வேண்டியவை

ஆண்ட்ராய்டுக்குள் இருந்த ஏறத்தாழ 11,500 நிரல் வரிகளுக்காக ஆரக்கிளும் கூகுளும் 2010 முதல் 2021 வரை அமெரிக்க நீதிமன்றங்களில் மோதிக்கொண்டன. ஆரக்கிள் கேட்ட இழப்பீடு ஒரு கட்டத்தில் 900 கோடி டாலரை நெருங்கியது. இவ்வளவு பெரிய தொகைக்குக் காரணமாக இருந்தது ஏபிஐ. ஆப் எழுதும் ஒவ்வொருவரும் தினமும் கையாளும் விஷயம் அது.

ஜாவா என்ற நிரல்மொழியில் இரண்டு எண்களில் பெரியதைக் கண்டுபிடிக்க ‘மேத்.மேக்ஸ்’ என்று எழுதி, அதனிடம் 4, 6 என்று கொடுத்தால் போதும்; 6 என்று விடை வரும். இதில் இரண்டு பகுதிகள் உண்டு. அந்தச் செயலின் பெயர் என்ன, எத்தனை எண் கொடுக்க வேண்டும், விடை எந்த வகையில் வரும் என்று சொல்வது அறிவிப்பு வரி. உண்மையில் ஒப்பிட்டுப் பார்த்து விடை தருவது செயல்படுத்தும் நிரல். ஆயிரக்கணக்கான அறிவிப்பு வரிகளை வகை பிரித்து அடுக்கியதுதான் ஜாவா ஏபிஐ.

ஜாவாவை உருவாக்கியது சன் மைக்ரோசிஸ்டம்ஸ். கூகுள் ஆண்ட்ராய்டை உருவாக்கியபோது சன்னிடம் உரிமம் பெறப் பேசியது, பேச்சு முறிந்தது. உடனே கூகுள், செயல்படுத்தும் நிரலைத் தானே எழுதிக்கொண்டு, ஜாவா ஏபிஐயின் 37 தொகுப்புகளின் அறிவிப்பு வரிகளை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டது. ஜாவா தெரிந்த லட்சக்கணக்கானோர் புதிதாக எதையும் படிக்காமலே ஆண்ட்ராய்டுக்கு எழுதலாம் என்பதே நோக்கம். 2010 ஜனவரியில் சன்னை வாங்கிய ஆரக்கிள், அதே ஆண்டு ஆகஸ்டில் கூகுள் மீது வழக்குப் போட்டது.

தீர்ப்புகள் மாறி மாறி வந்தன. 2012இல் சான் பிரான்சிஸ்கோ நீதிபதி வில்லியம் ஆல்சப், இந்த அறிவிப்பு வரிகளுக்குப் பதிப்புரிமையே இல்லை என்றார். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உண்டு என்றது. 2016இல் ஜூரி, கூகுள் செய்தது நியாயமான பயன்பாடு, அதாவது உரிமையாளரின் அனுமதி இல்லாமலே சட்டம் ஏற்கும் பயன்பாடு என்றது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் தள்ளியது.

2021 ஏப்ரல் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-2 என்ற கணக்கில் கூகுள் பக்கம் நின்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்டீபன் பிரேயர். கூகுள் எடுத்தது மொத்த ஜாவா ஏபிஐயில் 0.4 சதவீதம்தான், அதைக் கொண்டு கைபேசி என்ற வேறொரு தளத்தில் புதிய படைப்பை உருவாக்கியது என்பது தீர்ப்பின் சாரம்.

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஏபிஐயை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. பதிப்புரிமை உண்டா இல்லையா என்ற கேள்வியைத் தொடாமல், உண்டு என்றே வைத்துக்கொண்டாலும் இது நியாயமான பயன்பாடு என்று மட்டும் தீர்த்தது. அடுத்த வழக்கில் எடுத்த அளவு, நோக்கம், சந்தைப் பாதிப்பு எல்லாம் மீண்டும் முதலிலிருந்து எடைபோடப்படும். கூகுளால் 11 ஆண்டு வழக்காட முடிந்தது. நான்கு பேர் நடத்தும் நிறுவனத்தால் முடியாது.

செயல்படுத்தும் நிரலை நகலெடுத்தால் நிலைமை இன்னும் மோசம். இதே வழக்கில் ‘ரேஞ்ச்செக்’ என்ற ஒன்பது வரிச் செயல்பாட்டை எடுத்ததைக்கூட 2012 ஜூரி உரிமை மீறல் என்றது.

ஐரோப்பாவில் நிலை தெளிவாக இருக்கிறது. எஸ்ஏஎஸ் நிறுவனத்துக்கும் வேர்ல்ட் புரோகிராமிங் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், நிரலின் செயல்பாட்டுக்கும் நிரல்மொழிக்கும் கோப்பு வடிவத்துக்கும் மென்பொருள் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் சொன்னது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவும் ஓர் உரிமை தருகிறது: சட்டப்படி ஒரு மென்பொருளை வைத்திருப்பவர், தான் தனியாக எழுதிய நிரல் அதனோடு சேர்ந்து இயங்கத் தேவையான தகவலை, அது வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது, ஆராய்ந்து எடுக்கலாம். அதே சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது.

ஆகவே முன்னெச்சரிக்கை அவசியம். வெளியிலிருந்து ஒரு நூலகத்தைச் சேர்க்கும் முன் அதன் உரிமத்தைப் படிக்க வேண்டும். எம்ஐடி, அப்பாச்சி போன்ற உரிமங்களில் நிபந்தனைகள் குறைவு. ஜிபிஎல் என்றால், அதைச் சேர்த்து வெளியிடும் மென்பொருளின் மூல நிரலையும் தர வேண்டிவரலாம். அடுத்தவர் மென்பொருளைப் போன்ற ஒன்றை எழுதுவதாக இருந்தால், மூல நிரலைப் பார்த்தவரும் புதிதாக எழுதுபவரும் வேறு வேறு ஆளாக இருப்பது நல்லது. யார், எப்போது, எந்த வரியை எழுதினார் என்று காட்டும் கிட் வரலாறு நாளை சாட்சியாகும்.

உரிமை மீறல் என்று நோட்டீஸ் வந்துவிட்டால் பதற்றத்தில் எதையும் அழிக்கக் கூடாது. எந்த வரிகள் மீது புகார் என்று கேட்டு, பதில் அனுப்பும் முன் வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும். மீறல் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் என்றால், அந்த நிரலின் பதிப்புரிமையாளரிடமிருந்து வரும் முதல் நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்தால் இழந்த உரிமை திரும்பக் கிடைக்கும். டிஎம்சிஏ என்ற அமெரிக்க டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி ஆப் நீக்கப்பட்டிருந்தால், அது தவறு என்று எதிர் நோட்டீஸ் கொடுக்கலாம். புகார் கொடுத்தவர் வழக்குப் போடாவிட்டால் 10 முதல் 14 வேலை நாளில் ஆப் மீண்டும் வைக்கப்பட வேண்டும். அந்த எதிர் நோட்டீஸில் பொய் சொன்னால் அமெரிக்கச் சட்டத்தில் அது தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் கையெழுத்திடுபவர் அறிந்திருக்க வேண்டும்.