பட்டம் போனது, தலை தப்பியது!

1716-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி மாலை. லண்டன் கோபுரச் சிறையில் ஸ்காட்லாந்துப் பிரபு ஒருவர் அடைபட்டுக் கிடந்தார். பொழுது விடிந்தால் அவர் தலை வெட்டப்படும்!

அவர் பெயர் வில்லியம் மேக்ஸ்வெல். "நித்ஸ்டேல் பிரபு" என்பது பட்டம். 1620 முதல் அவர் குடும்பத்தில் வழிவழியாக வந்த பட்டம் அது.

அவர் செய்த குற்றம் என்ன?

ஜெர்மனியிலிருந்து வந்த முதலாம் ஜார்ஜ் அப்போது பிரிட்டனின் மன்னர். வெளிநாட்டில் வாழ்ந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கே முடி சேர வேண்டும் என்று 1715-ல் கலகம் மூண்டது. நித்ஸ்டேல் அதில் சேர்ந்தார். பிரஸ்டன் நகரில் பிடிபட்டார். ராஜத்துரோகி என்று தீர்ப்பாயிற்று. பட்டம் பறிபோயிற்று. மரண தண்டனையும் விதிக்கப்பட்டது.

மன்னரிடம் மன்றாட்டம்

செய்தி கேட்டுத் துடித்தார், பிரபுவின் மனைவி வினிபிரெட். கடும் பனியில் வண்டிகள் ஓடவில்லை. குதிரை ஏறியே லண்டன் வந்தார்.

அரண்மனையில் மன்னரின் அங்கியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். மன்னர் நிற்கவில்லை. அங்கியை விடாத வினிபிரெட்டை வாசல்வரை இழுத்துக்கொண்டே போனார்!

இனிக் கெஞ்சிப் பயனில்லை என்று வினிபிரெட் உணர்ந்தார்.

அழுதுகொண்டே வந்த பெண்

அன்று மாலை இரண்டு பெண்களை அழைத்துக்கொண்டு சிறைக்குச் சென்றார். முதல் பெண் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு உடை அணிந்திருந்தாள். ஓர் உடையைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

அடுத்தவள் கர்ப்பிணி. பிரபுவைப் போன்ற உடல்வாகு. கைக்குட்டையால் முகத்தை மூடி, அழுதுகொண்டே வந்தாள். உள்ளே அந்த உடைக்கு மாறி, தலைநிமிர்ந்து வெளியேறினாள்.

அவள் விட்டுப்போன உடை பிரபுவுக்கு! சவரம் செய்ய நேரமில்லை. வினிபிரெட் கணவரின் முகத்தில் வெள்ளைப்பூச்சுப் பூசினார். கறுத்த புருவத்தின் நிறத்தையும் மாற்றினார்.

கைக்குட்டையால் முகத்தை மூடி, அழும் பெண்போல் பிரபு காவலர்களைக் கடந்தார். கீழே காத்திருந்த பணிப்பெண் அவரை அழைத்துச் சென்றாள்.

வினிபிரெட் மட்டும் அறைக்குத் திரும்பினார். கணவர் குரலில் தாமே பதில் சொல்லிப் பேசினார், அறையில் நடந்தார். பிறகு, வெளியிலிருந்து திறக்க முடியாதபடி கதவைச் சாத்தினார். "பிரபு பிரார்த்தனையில் இருக்கிறார். விளக்கு வேண்டாம்" என்று வேலைக்காரனிடம் சொல்லிவிட்டுப் போனார்!

மறுநாள் வேறு இரு பிரபுக்களின் தலைகள் உருண்டன. நித்ஸ்டேல் இல்லை. சில நாள் ஒளிந்திருந்து, வெனிஸ் தூதரின் வண்டியில் வேலைக்காரன் வேடத்தில் கடற்கரை சேர்ந்து, பிரான்சுக்குத் தப்பினார்.

திரும்பாத பட்டம்

பிறகு இருவரும் ரோமாபுரியில் வறுமையில் வாழ்ந்தார்கள். பிரபு 1744-லும் வினிபிரெட் 1749-லும் காலமானார்கள்.

குடும்பத்தின் இன்னொரு பழைய பட்டம் 1858-ல் வாரிசுக்குத் திரும்பியது. நித்ஸ்டேல் பட்டம் திரும்பவே இல்லை.

ஆனால், அன்று பிரபு அணிந்த பெண்ணுடையின் மேலங்கி ஸ்காட்லாந்தின் டிராக்வேர் மாளிகையில் பாதுகாக்கப்படுகிறது. மன்னர் தந்த பட்டத்தை மன்னரே பறித்தார். மனைவி தந்த உயிரை யாராலும் பறிக்க முடியவில்லை!