வலைக்கு முன்னால் நிற்பவன்
திராமனிலிருந்து புறப்பட்ட ஒரு பந்துக்காப்பாளனை முன்வைத்துச் சில எண்ணங்கள்

ஊரில் நாங்கள் உதைபந்து ஆடிய நாட்களில் கோலுக்குள் நிற்க எவரும் விரும்பியதில்லை. இரண்டு செருப்புகளையோ இரண்டு கற்களையோ வைத்துக் கோல் அமைத்த பிறகு, ஓட இயலாதவன், வயதில் சிறியவன், அணிக்குக் கடைசியாகச் சேர்த்துக் கொள்ளப்பட்டவன் என்று ஒருவனைப் பிடித்து அங்கே நிறுத்துவோம். கோல் விழுந்தால் ஏச்சு அவனுக்கு. விழாவிட்டால் அவன் அங்கே நின்றது ஒருவருக்கும் நினைவிராது. இந்தப் பழக்கத்தை நாம் நோர்வேக்கும் கொண்டு வந்திருக்கிறோம். வார இறுதி ஆட்டங்களில் தம் பிள்ளை கோலுக்குள் நிற்பதைப் பார்த்து முகம் சுளிக்கும் தந்தையரைக் கண்டிருக்கிறேன். "முன்னுக்கு விளையாடடா" என்பதே அவர்கள் சொல்லும் ஒரே ஆலோசனை.

காப்பாளன் என்ற தொழில் எத்தகையது, அந்தத் தொழில் வழியாக நாடு, இனம், பற்று என்பவை எப்படிச் சோதிக்கப்படுகின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒஸ்லோவிலிருந்து நாற்பது கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் திராமன் போதும். முன்பு மரமும் காகிதமும் விளைந்த இந்த ஆற்றங்கரை நகரம், இன்று குடிவந்தோர் மிகுதியாக வாழும் நோர்வேஜிய நகரங்களுள் ஒன்று. அங்குள்ள கழகம் 1907இல் தோன்றிய ஸ்ட்ரோம்ஸ்கூசெ. அதன் வலையைக் காத்தவர்களுள் ஒருவர் அடம் லார்சன் குவாரசே.

1987 டிசெம்பரில் ஒஸ்லோவில் பிறந்தவர். தாய் நோர்வேஜியர், தந்தை கானாவைச் சேர்ந்தவர். பெயரிலேயே இரண்டும் இருக்கின்றன: லார்சன் இந்த மண், குவாரசே அந்த மண். ஒஸ்லோவின் வொலரெங்காவில் வளர்ந்து, 2007இல் திராமனுக்கு வந்தார். முதற் சில ஆண்டுகள் முதலிடம் அவருடையதாக இருக்கவில்லை. இது அவருடைய குறையல்ல. தொழிலின் அமைப்பே அப்படி.

ஒரு கழகத்தில் மூன்று காப்பாளர்கள் இருப்பார்கள். களத்தில் நிற்பவர் ஒருவர். முன்கள வீரனோ நடுக்கள வீரனோ கடைசி இருபது நிமிடங்களுக்கு மாற்றாக இறங்கித் தன்னைக் காட்டலாம். காப்பாளனை இடையில் மாற்றுவது காயம் பட்டால் அல்லது சிவப்பு அட்டை விழுந்தால் மட்டுமே. ஆகவே இரண்டாம் காப்பாளனின் தொழில் என்பது காத்திருத்தல். நாள்தோறும் முழுப் பயிற்சி, வாரந்தோறும் ஆசனத்தில் அமர்தல். இந்த இழப்புக்கு ஒரே ஈடு, தொழிலின் ஆயுள். மற்றவர்கள் முப்பது கடந்ததும் தேயத் தொடங்கும்போது காப்பாளன் பழுக்கிறான். இத்தாலியின் டினோ சொவ் 1982இல் உலகக் கிண்ணத்தை உயர்த்தியது நாற்பதாவது வயதில். எகிப்தின் எசாம் எல் ஹதாரி 2018 உலகக் கிண்ணத்தில் நாற்பத்தைந்து வயதில் ஆடி ஒரு தண்டனை உதையையும் தடுத்தார்.

அவன் காக்கும் இடத்தின் அளவைப் பாருங்கள். 7.32 மீற்றர் அகலம், 2.44 மீற்றர் உயரம். தண்டனை உதை 11 மீற்றரிலிருந்து அடிக்கப்படுகிறது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து அத்தூரத்தை ஏறக்குறைய 0.4 செக்கனில் கடந்துவிடும். பந்தின் திசையைப் பார்த்து, முடிவெடுத்து, உடம்பை எறிந்து மூலையை எட்ட அந்த நேரம் போதாது. ஆகவே அவன் பார்ப்பதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. 2007இல் வெளிவந்த இஸ்ரேலிய ஆய்வொன்று 286 தண்டனை உதைகளை எடுத்து ஆராய்ந்தது. பத்தில் மூன்றுக்குச் சற்றுக் குறைவான உதைகள் நடுவே வந்தன. காப்பாளர்கள் நடுவே நின்றதோ நூற்றில் ஆறு தடவை மட்டுமே. நின்றிருந்தால் கூடுதலாகத் தடுத்திருப்பார்கள். ஆனால் நின்றபடி கோல் வாங்கினால் "இவன் ஒன்றும் செய்யவில்லை" என்பார்கள். பாய்ந்து வாங்கினால் "முயன்றான்" என்பார்கள். ஏதாவது செய்தாக வேண்டும், செய்வது தவறானாலும் சரி என்ற இந்த நெருக்குதல் உதைபந்தாட்டத்துக்கு மட்டும் உரியதல்ல என்பதை நம் கூட்டங்களுக்கும் அறிக்கைகளுக்கும் பழகிய வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

குவாரசேக்குத் திராமனில் காலம் கனிந்தது. வலை அவருடையதாயிற்று. 2013இல் றொனி டெய்லாவின் பயிற்சியில் ஸ்ட்ரோம்ஸ்கூசெ நோர்வேயின் முதற்பிரிவை வென்றது. 1970க்குப் பின் அதுவே முதற்தடவை. கடைசி நாளில் மரியன்லிஸ்ட் மைதானத்தில் ஹௌகசுண்டை நான்குக்குப் பூச்சியம் என வென்று, றொசன்பொர்க்கை ஒரு புள்ளியால் முந்தியது. பெருங்கழகங்களின் பணமில்லாத ஒரு நகரம் நாற்பத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்து பெற்ற வெற்றி அது.

இதற்கு முன்பே, 2011 செப்ரெம்பரில் அவர் கானாவின் தேசிய அணிக்கு ஆடத் தொடங்கியிருந்தார். நம் விவாதம் இங்கேதான் தொடங்குகிறது. சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் விதிப்படி, பெற்றோரோ பேரனார் பேர்த்தியாரோ பிறந்த நாட்டுக்கு ஒருவர் ஆடலாம், அந்நாட்டுக் குடியுரிமை இருந்தால். இளையோர் அணியில் ஒரு நாட்டுக்கு ஆடியவர் பின்னர் மற்றதற்கு மாறுவதற்கு இருந்த இருபத்தொரு வயது எல்லை 2009இல் நீக்கப்பட்டது. அதன் பயனைப் பெர்லினில் பிறந்த கெவின் பிரின்ஸ் போட்டெங் 2010 உலகக் கிண்ணத்தில் காட்டினார். அவர் கானாவுக்கு, தந்தைவழிச் சகோதரன் ஜெரோம் ஜெர்மனிக்கு. இருவரும் எதிரெதிரே நின்றார்கள்.

2012 ஆபிரிக்கக் கிண்ணத்தில் கானாவின் முதற் காப்பாளர் குவாரசே. அரையிறுதியில் சாம்பியா ஒரு கோலால் வென்றது. அந்த ஆட்டத்தில் அசமோவா கியான் ஒரு தண்டனை உதையைத் தவறவிட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பின்னர் இடம் ஃபட்டாவு டவுடாவிடம் போனது. 2014இல் பிரேசிலில், யூன் 16, நாட்டால் நகரில், அமெரிக்காவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் மீண்டும் குவாரசே நின்றார். ஆட்டம் தொடங்கி அரை நிமிடத்தில் டெம்சியின் பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. 82ஆவது நிமிடத்தில் கானா சமன் செய்தது. 86ஆவது நிமிடத்தில் மூலை உதையிலிருந்து ஜோன் புறூக்ஸ் தலையால் முட்டி வெற்றியைப் பறித்தார்.

இந்தக் கணத்தைச் சற்று நிறுத்திப் பார்க்கலாம். அமெரிக்காவுக்காக முட்டியவர் பெர்லினில் பிறந்தவர். தந்தை அமெரிக்கப் படைவீரர். கானாவின் பக்கம் களத்தில் நின்ற போட்டெங்கும் பெர்லினில் பிறந்தவர். வலைக்குள் நின்றவர் ஒஸ்லோவில் பிறந்தவர். தேசங்கள் மோதுகின்றன என்று உலகம் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் களத்தில் ஒரே நகரத்தின் பிள்ளைகள் இரண்டு கொடிகளின் கீழ் நின்றார்கள். நோர்வே அந்த ஆண்டு பிரேசிலுக்குத் தகுதி பெறவேயில்லை.

அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் டவுடா நின்றார். கானா முதற்சுற்றோடு வெளியேறியது. வீரர்களுக்குரிய பணத்தை விமானத்தில் ரொக்கமாக அனுப்ப வேண்டிய அளவுக்கு அணி குலைந்திருந்தது. 2015 ஆபிரிக்கக் கிண்ணத்தில் வலையைக் காத்தவர் ரசாக் பிரிமா. ஆக, குவாரசேயின் உலகக் கிண்ணம் தொண்ணூறு நிமிடம். தந்தையின் நாடு அழைத்தது, நிறுத்தியது, ஒரு தோல்விக்குப் பின் மாற்றியது. இதில் துரோகமும் இல்லை, தியாகமும் இல்லை. தேசிய அணி எல்லாக் காப்பாளர்களுக்கும் செய்வதைத்தான் இவருக்கும் செய்தது.

ஆனால் அவர் கதை அங்கே முடியவில்லை. 2015இல் அமெரிக்காவின் போர்ட்லன்ட் கழகத்துக்குப் போனார். ஒக்ரோபர் 29ஆம் திகதி கன்சாஸ் நகரக் கழகத்துடனான வெளியேற்று ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என முடிந்து தண்டனை உதைகளுக்குப் போயிற்று. எதிரணியின் ஓர் உதை இரண்டு கம்பங்களிலும் பட்டு வெளியே வந்தது. இரு பக்கத்திலும் பத்துப் பேர் அடித்து முடிந்து, காப்பாளர்களே அடிக்க வேண்டிய நிலை. குவாரசே அடித்துக் கோலாக்கினார். பின் வலைக்குத் திரும்பி எதிரணிக் காப்பாளரின் உதையைத் தடுத்தார். ஏழுக்கு ஆறு. டிசெம்பரில் போர்ட்லன்ட் தன் வரலாற்றின் முதற் கிண்ணத்தை வென்றது. அடுத்த ஆண்டே அவர் அங்கு முதலிடத்தை இழந்து நோர்வேக்குத் திரும்பினார். றொசன்பொர்க், பின்னர் பிறந்த நகரத்தின் வொலரெங்கா. இத்தொழிலில் புகழுக்கும் ஆசனத்துக்கும் இடையே உள்ள தூரம் சில மாதங்கள்.

அந்நியன் ஒருவன் வலைக்குள் நிற்பது இது முதற்தடவையல்ல. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படைவீரனாயிருந்து கைதியாக இங்கிலாந்துக்கு வந்த பெர்ட் ட்றவுட்மன் 1949இல் மான்செஸ்டர் சிட்டியில் சேர்ந்தபோது ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு வந்து எதிர்த்தார்கள். அந்நகரத்து யூதச் சமூகத்தின் குருவான அலெக்சாண்டர் அல்ட்மன், தானே நாசிகளிடமிருந்து தப்பி வந்த அகதி, ஓர் இனத்தின் குற்றத்துக்காகத் தனிமனிதன் ஒருவனைத் தண்டிக்கக்கூடாது என்று பகிரங்கமாக எழுதினார். 1956 கிண்ண இறுதியில் கழுத்தெலும்பு முறிந்த நிலையிலும் ட்றவுட்மன் ஆட்டத்தை முடித்தார். மறுபக்கம், 1950இல் உருகுவேயிடம் தோற்ற பிரேசிலின் கறுப்பினக் காப்பாளர் பார்போசா, 2000ஆம் ஆண்டு இறக்கும்வரை அந்த ஒரு கோலுக்காகத் தன் சொந்த நாட்டில் குற்றவாளியாகவே வாழ்ந்தார். எதிரி நாட்டான் ஏற்கப்பட்டான். சொந்த நாட்டான் ஐம்பது ஆண்டு விலக்கப்பட்டான். பிறந்த இடம் பாதுகாப்பல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி நம் விடயம். நம்மிடையே மூன்று குரல்கள் கேட்கின்றன. பிள்ளைகள் நோர்வேக்கு ஆடினால்தான் இங்கு மதிப்பு என்பது ஒன்று. நம் கொடியின் கீழேயே ஆட வேண்டும் என்பது மற்றது. அதற்கும் களம் உண்டு. குவாரசே நாட்டாலில் நின்ற அதே 2014 யூன் மாதத்தின் தொடக்கத்தில், அயல்நாடான சுவீடனின் ஒஸ்டர்சுண்டில், அரசற்ற மக்களின் உலகக் கிண்ணத்தில் தமிழீழ அணி ஆடியது. குர்திஸ்தானும் டார்பூர் அகதிகளும் ஆடினார்கள். மூன்றாவது குரல் அண்மைக் காலத்தது. இலங்கை அணி ஐரோப்பாவில் பிறந்த வம்சாவளியினரைத் தேடி அழைக்கத் தொடங்கியிருக்கிறது. அவர்களில் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளைகளும் உண்டு. போனவனைத் துரோகி என்பாரும் உளர், பிழைக்கத் தெரிந்தவன் என்பாரும் உளர்.

குவாரசேக்கும் நம் பிள்ளைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு, அதை மறைக்கக்கூடாது. கானா அவருடைய தந்தையைக் குண்டுவீசித் துரத்திய அரசல்ல. நம் பிள்ளை இலங்கைச் சட்டையை அணிவது அவ்வளவு எளிய தெரிவாக இருக்க முடியாது. அந்த வலி நியாயமானது. ஆனால் அது நம்முடைய வலி. பதினெட்டு வயதில் ஒரு தொழிலைத் தொடங்குகிறவனிடம் அதை முழுவதும் சுமத்தி, அவன் கையுறையை நம் வரலாற்றின் வாக்குச்சீட்டாக்குவது நியாயமா? தேசிய அணிக்கு ஆடுவது பற்று மட்டுமல்ல, வேலையும்கூட. அங்கே கிடைக்கும் ஓர் ஆட்டம் அடுத்த கழகத்தின் கதவைத் திறக்கும், சில வேளை மூடவும் செய்யும். அவன் யோசித்து எதைத் தெரிந்தாலும், நாம் கேள்வி கேட்கலாம், வாதிடலாம். ஆளை விலக்கி வைக்க நமக்கு உரிமையில்லை. அல்ட்மன் மான்செஸ்டரில் சொன்னதைவிடக் கூடுதலாக நான் ஒன்றும் சொல்லவில்லை.

அகதி எழுத்தாளர் நபொக்கோவ் கேம்பிரிட்ஜிலும், பின்னர் பெர்லினில் புலம்பெயர்ந்த ருஷ்யரின் அணியிலும் காப்பாளராக நின்றவர். அல்ஜியர்ஸில் காமுவும் காசநோய் வரும்வரை வலைக்குள்தான் நின்றார். அவர்களை மேற்கோள் காட்ட விரும்பும் நாம், நம் பிள்ளை அதே இடத்தில் நின்றால் வெட்கப்படுகிறோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் சிறுவர் ஆட்டம் முடிந்ததும், கோலடித்தவனைத் தூக்கிக் கொண்டாடுவதற்கு முன், தோற்ற பக்கத்து வலைக்குள் தனியே கையுறையைக் கழற்றிக் கொண்டிருப்பவனிடம் ஒருவராவது போய் இரண்டு வார்த்தை பேசுங்கள். இக்கட்டுரையின் மற்ற எல்லாவற்றோடும் மாறுபடுவோர் எழுதட்டும், விவாதிப்போம்.