ஒரு போட்டோவுக்கு ஒரு டன் எடைப் பெட்டி! தெரியுமா?

கம்ப்யூட்டரை அணைத்த நொடியில் தற்காலிக நினைவகமான ரேமில் இருந்ததெல்லாம் மறைந்துவிடும். மின்சாரம் போனாலும் நம் போட்டோக்களையும் கணக்குகளையும் காத்து வைத்திருப்பது துணை நினைவகம்தான். காந்தம், ஒளி, மின்னூட்டம் என மூன்றே வித்தைகளைக் கொண்டு அது நடத்தும் ஜாலத்தைக் கேளுங்கள், அசந்துபோவீர்கள்!

முதல் ஹார்டு டிஸ்க் எவ்வளவு பெரியது தெரியுமா?

1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்தது. 61 செ.மீ. விட்டத்தில் 50 தட்டுகள், ஒரு டன்னுக்கும் மேல் எடை! அவ்வளவு பெரிய பெட்டிக்குள் அடங்கியது வெறும் 3.75 எம்.பி. இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோவுக்கே அது சரியாகப் போய்விடும்! இப்போதோ விரல் நகம் அளவுள்ள மைக்ரோ எஸ்.டி. கார்டில் 1 டி.பி. அடங்குகிறது. இரண்டரை லட்சம் மடங்குக்கும் அதிகம்!

ஓடும் ஹார்டு டிஸ்க்கை ஏன் அசைக்கக் கூடாது தெரியுமா?

உள்ளே தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. நொடிக்கு 120 சுற்று! அதன் விளிம்பு மணிக்கு 120 கி.மீ. வேகத்தைத் தாண்டுகிறது. காந்தத் தடத்தைப் படிக்கும் முனை, தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமனோ சுமார் 80,000 நானோமீட்டர்! கை தவறிக் கீழே விழுந்தால் முனை தட்டில் உரசிவிடும், தகவலும் போய்விடும். ஆனால் குறைந்த செலவில் நிறைய இடம் வேண்டுமா? வீட்டுக்கு இன்றும் இதுதான் கைகொடுக்கிறது.

ஒரு சிடிக்குள் 5 கிலோமீட்டர் பாதை இருப்பது தெரியுமா?

12 செ.மீ. வட்டுக்குள் சுருள் சுருளாக ஓடும் ஒற்றைத் தடத்தைப் பிரித்து நீட்டினால் 5 கி.மீ.யைத் தாண்டும்! அதில் உள்ள நுண்குழிகளை லேசர் ஒளி தடவிப் படிக்கிறது. லேசரின் அலைநீளம் குறையக் குறையக் குழிகளும் சிறிதாகும், கொள்ளளவு கூடும். அகச்சிவப்பு லேசரில் சிடிக்கு 700 எம்.பி., சிவப்பு லேசரில் டிவிடிக்கு 4.7 ஜி.பி., நீலஊதா லேசரில் புளூ-ரேக்கு 25 ஜி.பி.! வட்டின் அளவு மாறவில்லை, ஒளியின் அலைநீளமும் குழிகளும்தான் சுருங்கின!

ஃப்ளாப்பியை அடுக்கினால் எவ்வளவு உயரம் தெரியுமா?

ஃப்ளாப்பி என்பது பழைய காந்த வட்டு. 1.44 எம்.பி. கொள்ளும் ஃப்ளாப்பிகளில் 1 டி.பி. தகவலை நிரப்ப ஏறத்தாழ 7 லட்சம் ஃப்ளாப்பி வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 2 கி.மீ.க்கும் மேலே போகும்! அமெரிக்காவின் அணு ஆயுதப் படையினர் தகவல் தொடர்புக்கு 8 அங்குல ஃப்ளாப்பியை 2019 வரை பயன்படுத்தினார்கள் என்றால் நம்ப முடிகிறதா?

எஸ்.எஸ்.டி. ஏன் பறக்கிறது தெரியுமா?

சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை! மின்காப்புப் படலத்துக்குள் சிறைப்பட்ட எலக்ட்ரான்கள்தான் நம் தகவல். ஒரு தகவலைத் தேடி எடுக்க ஹார்டு டிஸ்க்குக்குச் சுமார் 10 மில்லி நொடி பிடிக்கிறது. எஸ்.எஸ்.டி.க்கு 0.1 மில்லி நொடி போதும், 100 மடங்கு வேகம்! இந்த வகைக்கு ஃப்ளாஷ் நினைவகம் என்று பெயர். பென் டிரைவும் மெமரி கார்டும் இதே குடும்பம்தான். 1980-களில் இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் ஃபுஜியோ மசுவோகா. கேமரா ஃப்ளாஷ் மின்னுவதுபோல் ஒரே நொடியில் அழிப்பதால்தான் இந்தப் பெயர்! ஆனால் எழுதி எழுதி அழித்தால் இதன் செல்கள் தேய்ந்துபோகும். மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் பெட்டிக்குள் போட்டு வைத்தால் மின்னூட்டமும் மெல்லக் கசியும்.

காந்த நாடா இன்னும் சாகவில்லை, தெரியுமா?

1951-இல் யூனிவாக் கம்ப்யூட்டரோடு வந்த நாடாதான் இன்றும் பெரிய நிறுவனங்களின் காவல் தெய்வம்! எல்.டி.ஓ.-9 என்ற வகை நாடாப் பெட்டி ஒன்று கைக்குள் அடங்கும். உள்ளே 1 கி.மீ.க்கு மேல் நீளும் நாடாவில் 18 டி.பி.! பத்திரமாக வைத்தால் 30 ஆண்டுகள் தாங்கும் என்கிறார்கள். வேண்டிய இடத்துக்கு நாடாவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதால் தேடுவதில் மட்டும் மந்தம். 2011-இல் மென்பொருள் கோளாறால் சிலரது ஜிமெயில் கடிதங்கள் மாயமானபோது, பல இடங்களில் வைத்திருந்த பிரதிகளும் சேர்ந்தே பாதிக்கப்பட்டன. கூகுளைக் காப்பாற்றியது, கம்ப்யூட்டரோடு இணைக்காமல் தனியே வைத்திருந்த காந்த நாடா!

அப்படியானால் எது சிறந்தது?

வேகத்துக்கு எஸ்.எஸ்.டி., மலிவான இடத்துக்கு ஹார்டு டிஸ்க், கையோடு கொண்டுபோக பென் டிரைவ், நீண்டகாலக் காப்புக்கு நாடா. எல்லாவற்றிலும் முதலிடம் பிடித்த ஒன்று இதுவரை பிறக்கவில்லை! அதனால் உங்கள் குடும்பப் போட்டோக்களை ஒரே இடத்தில் நம்பி வைக்காதீர்கள். இன்றைக்கே வேறு வகைச் சாதனம் ஒன்றில் இன்னொரு பிரதி எடுத்து, தனியே பத்திரப்படுத்துங்கள்!