ஆம்லெட் முட்டைக்குள் ஒரு கத்தரி!

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறது கிளியனூர். அந்த வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி ஆம்லெட் சொல்கிறீர்கள். மாஸ்டர் உடைத்து ஊற்றும் முட்டையின் வெள்ளைக்கருவில் ‘லைசோசைம்’ என்றொரு என்சைம் இருக்கிறது. ஓட்டின் நுண்துளை வழியே நுழையப் பார்க்கும் பாக்டீரியாவின் சுவரை வெட்டிவிடுவதுதான் அதன் வேலை. நம் கண்ணீரிலும் எச்சிலிலும்கூட இது உண்டு. 1922-ல் இதைப் பற்றி உலகுக்குச் சொன்னவர், பின்னாளில் பென்சிலினைக் கண்டுபிடித்த அதே அலெக்சாண்டர் ஃப்ளெமிங். அவருக்கு வழிகாட்டியது ஜலதோஷச் சளி!

சுவர் என்றதும் செங்கல் சுவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது மீன் வலை மாதிரி. நீளமான சர்க்கரை இழைகள். அவற்றைக் குறுக்கே பிணைக்கும் குட்டிக் குட்டி அமினோ அமில முடிச்சுகள். பாக்டீரியாவுக்குள் அழுத்தம் அதிகம். வலை கிழிந்தால் பலூன் போல வெடித்துவிடும். பென்சிலின் அந்த முடிச்சுகளைப் போடவிடாமல் தடுத்துத்தான் பாக்டீரியாவைக் கொல்கிறது.

இங்கே ஒரு புதிர். நல்ல சாப்பாடு கிடைத்தால் நம் குடலில் வாழும் ஈ.கோலை 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். அதற்குள் வலையும் பெரிதாக வேண்டும். இறுக்கமாகப் பின்னிய வலைக்குள் புது இழையை எப்படிச் செருகுவது? எங்கேயாவது முடிச்சை அறுத்தாக வேண்டும். ஆனால், அறுத்தால் வெடித்துவிடுமே! அப்படியென்றால், அளவாக அறுக்கும் கத்தரி எது?

விடை ஹைதராபாத்திலிருந்து வந்தது. அங்குள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் (சி.சி.எம்.பி.) மஞ்சுளா ரெட்டியின் குழு, 2012-ல் மூன்று என்சைம்களை அடையாளம் காட்டியது. இன்று அவற்றின் பெயர்கள் மெப்-எஸ், மெப்-எம், மெப்-ஹெச். மூன்றும் இல்லாத ஈ.கோலையால் புது இழையைச் சேர்க்க முடியவில்லை, வெடித்துச் செத்தது. சுவரைக் கட்டுவதற்கே சுவரை வெட்டும் கத்தரி தேவை என்பது உறுதியானது.

இதைச் சொன்னால் மட்டும் போதாதே, நிரூபிக்க வேண்டும். செல்லுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்து கிடக்கும்போது வெட்டியது இதுதான் என்று எப்படிச் சொல்வது? அதற்குத்தான் ‘ரீகாம்பினன்ட்’ முறை. வேண்டிய என்சைமின் மரபணுவை ஒரு வட்ட டி.என்.ஏ.வில் ஒட்டி, ஈ.கோலைக்குள்ளேயே செலுத்துகிறார்கள். பாக்டீரியா அந்த என்சைமை ஏராளமாகத் தயாரித்துத் தரும். வழக்கமாக அதற்கு ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஆறு கொண்ட ஒரு வாலும் வைப்பார்கள். நிக்கல் பூசிய மணிகளின் மேல் கரைசலை ஊற்றினால் வால் உள்ளது மட்டும் ஒட்டிக்கொள்ளும். மற்றதெல்லாம் கழுவிப் போய்விடும்.

தன் சுவரை வெட்டும் கத்தரியைத் தானே மூட்டை மூட்டையாகத் தயாரித்தால் அந்த பாக்டீரியா சாகாதா? சாகலாம். அதனால் பல சமயம் ‘வெளியே போ’ என்று விலாசம் சொல்லும் பகுதியை நறுக்கிவிட்டுத்தான் மரபணுவை வைப்பார்கள். சுவர் சவ்வுக்கு வெளியே, கத்தரி உள்ளே. சமர்த்தாகக் கிடக்கும். அறுவடையின்போது பாக்டீரியாவை உடைக்கப் பல ஆய்வகங்களில் என்ன சேர்ப்பார்கள் தெரியுமா? முட்டையிலிருந்து எடுத்த அதே லைசோசைம்!

சரி, செல் தன் கத்தரியை எப்படி அடக்கி வைக்கிறது? அதையும் இதே குழு 2015-ல் சொன்னது. என்.எல்.பி.ஐ., பி.ஆர்.சி. என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து மெப்-எஸ்ஸை அவ்வப்போது அழித்துவிடுகின்றன. சுவர் ஆய்வுகளுக்காக மஞ்சுளா ரெட்டிக்கு 2019-ன் இன்ஃபோசிஸ் பரிசு கிடைத்தது.

மாத்திரைக்கு அடங்காத கிருமிகள் பெருகும் காலத்தில் இந்தக் கத்தரிகள் மேல் எல்லோருக்கும் ஒரு கண். அவற்றை முடக்கினால் பாக்டீரியா வளராது. தறிகெட்டு ஓடவிட்டாலும் பிழைக்காது. பெங்களூரின் கங்காஜென் நிறுவனம் கத்தரியையே ஆயுதமாக்கப் பார்த்தது. பாக்டீரியாவைத் தாக்கும் ‘கே’ என்ற வைரஸின் வாலிலிருந்து வெட்டும் பகுதி, லைசோஸ்டாஃபின் என்சைமிலிருந்து பற்றிக்கொள்ளும் பகுதி. இரண்டையும் ஒட்டி, ஈ.கோலையில் தயாரித்த புரதத்துக்கு ‘பி128’ என்று பெயர். புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸைத் தேடிப் பிடித்து, சுவரை அறுத்துக் கொல்கிறது. மெதிசிலினுக்கு மசியாத ரகத்தையும் விடுவதில்லை.