சொந்த லாரி வாங்கலாமா, தம்பி?

லாஸ்பேட்டை ஹெலிபேடு மைதானத்தில் வாக்கிங் முடித்து டீ குடிக்கும் இடத்தில்தான் அந்தத் தம்பி எனக்குப் பழக்கம். 27 வயது. அடுத்தவர் மினி வேனை ஓட்டுகிறார். ஹெவி லைசென்ஸ் இப்போதுதான் எடுத்திருக்கிறார். போன மாதம் செல்போனில் ஒரு படம் காட்டினார். பழைய பத்து சக்கர லாரி.

‘‘15 லட்சம் சொல்றாங்கண்ணே. வீட்டுக்காரம்மா நகையை வச்சு 3 லட்சம் புரட்டிட்டேன். மீதி 12 ஃபைனான்ஸ். அம்மா ஜாமீன் போடுறேன்னு சொல்லிடுச்சு. எத்தனை நாளைக்குத்தான் அடுத்தவன் வண்டியை ஓட்டுறது?’’

நியாயமான கேள்வி. அதனால் அங்கேயே கணக்குப் போட உட்கார்ந்தோம்.

12 லட்சம், 15 சதவிகித வட்டி, 4 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 33,400 ரூபாய். பழைய வண்டிக்கு வட்டி இதைவிடக் கூடலாம். லோடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் டியூ தேதி வந்துவிடும். மழைக்காலத்தில் வண்டி பத்து நாள் நின்றால் டிரைவருக்குச் சம்பளம்தான் போகும். ஓனருக்கோ அந்தப் பத்து நாளுக்கும் வட்டி ஓடும்.

அடுத்து டீசல். லோடு வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் நல்ல வண்டி. புதுச்சேரியிலிருந்து பெங்களூரு போய்வர ஏறக்குறைய 620 கிலோமீட்டர். அதாவது 155 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றால் 14,000 ரூபாய் போய்விடும். நம் ஊரில் டீசல் தமிழ்நாட்டைவிட விலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் கோரிமேட்டைத் தாண்டினால் அந்தச் சலுகை இல்லை. டேங்கை இங்கே நிரப்பிக்கொண்டு கிளம்பலாம், அவ்வளவுதான்.

இதற்கு மேல் டோல், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, புக்கிங் ஆபீஸ் கமிஷன், பத்து டயர். வருஷச் செலவு தனி. நேஷனல் பெர்மிட்டுக்கு மட்டும் ஆண்டுக்கு 16,500 ரூபாய் கூட்டுக் கட்டணம். 20 டன்னிலிருந்து 40 டன் வரையுள்ள வண்டிக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ், 2022 ஜூனில் வந்த விகிதப்படி 43,950 ரூபாய். வரி தனி. எஃப்.சி.க்கு பெயின்ட் அடித்து, லைட் மாற்றி நிறுத்துவதற்குள் இன்னொரு தொகை கரையும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெயின்டைப் பார்க்கிறார்கள், டயரைப் பார்க்கிறார்கள். பிறந்த வருஷத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு ஆக்ஸில் லாரி 12 வயதைத் தாண்டினால் நேஷனல் பெர்மிட் கிடையாது. பத்து சக்கரம் போன்ற மல்டி ஆக்ஸில் வண்டிக்கு 15 வயது வரைதான். தம்பி காட்டியது 12 வயது வண்டி. கடன் அடையும் முன்பே அது வெளிமாநிலம் போகும் தகுதியை இழந்துவிடும். இதை விற்றவர் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்?

சரி, கடைசியில் கையில் என்னதான் நிற்கும்? வருமான வரிச் சட்டமே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பத்து வண்டிக்குள் வைத்திருக்கும் லாரி உரிமையாளர் கணக்குப் புத்தகம் காட்டாமல் வரி கட்ட விரும்பினால், 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் லாபம் என்று எடுத்துக்கொள்கிறது. 2018-ல் கூட்டிய வரம்புப்படி மூன்று ஆக்ஸில் வண்டி 28.5 டன். அப்படியானால் மாதம் 28,500. இது வரிக்கான உத்தேசக் கணக்குதான், எல்லோருக்கும் இவ்வளவுதான் நிற்கும் என்று அர்த்தமில்லை. ஆனாலும் 33,400 டியூவை அதன் பக்கத்தில் எழுதிக் காட்டியபோது தம்பி டீயை வைத்துவிட்டார்.

‘‘அப்போ யாருமே லாரி வாங்கலையாண்ணே? நாமக்கல்லுல, சங்ககிரில எல்லாம் டிரைவரா இருந்தவங்கதானே ஓனர் ஆனாங்க?’’

வாங்கினார்கள். சென்னையில் தியாகராஜன் தொடங்கிய ஸ்ரீராம் குழுமம் 1979-ல் லாரிக் கடனுக்கென்றே ஒரு நிறுவனத்தை ஆரம்பித்தது. வங்கிகள் ஏறெடுத்துப் பார்க்காத லாரி டிரைவர்களுக்குப் பழைய லாரி வாங்கக் கடன் கொடுத்தே அது வளர்ந்தது. கவனிக்க வேண்டியது, கடன் வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஸ்டியரிங் பிடித்துப் பழகியவர்கள். எந்த மார்க்கெட்டில் எந்த மாதம் சரக்கு நகரும், எந்த புக்கிங் ஆபீஸில் பாக்கி வாடகை இழுத்தடிக்கும், கியர்பாக்ஸ் சத்தம் மாறினால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் தெரிந்தவர்கள். நம் தம்பிக்கு இதுவரை தெரிந்தது சேதராப்பட்டு, தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளும் வில்லியனூர் ரோடும்தான்.

பெங்களூருக்கு லோடு யாரும் கொடுப்பார்கள். திரும்பி வர லோடு யார் கொடுப்பார் என்பதில்தான் பிழைப்பே இருக்கிறது. எம்ப்டியாகத் திரும்பினால் போன வாடகை டீசலுக்கும் டோலுக்கும் சரியாகிவிடும். ரிட்டர்ன் லோடுக்காகக் காத்திருந்தால் இரண்டு நாள் சாப்பாடும் தூக்கமும் கேபினில்தான். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறதே என்று கேட்டேன். பதில் இல்லை.

அவரிடம் நான் சொன்னது இரண்டே வழி. ஒன்று, ஓராண்டு யாராவது ஒருவர் லாரியில் நீண்ட தூரம் ஓடட்டும், சம்பளத்தோடு படிப்பு. நகையும் பீரோவிலேயே இருக்கும். இல்லை, சொந்த வண்டிதான் வேண்டும் என்றால் குட்டி யானையில் ஆரம்பிக்கட்டும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை சாதாரண கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கடன் சிறியது, இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். வருமானமும் சிறியதுதான், மறைக்கவில்லை.

நேற்று மறுபடி பார்த்தேன். மேட்டுப்பாளையம் லாரி முனையத்தில் ஒரு ஓனரிடம் பேசியிருக்கிறாராம். வரும் திங்கட்கிழமை ஹைதராபாத் லோடு, இரண்டாவது டிரைவராக.

‘‘அந்தப் பத்து சக்கரம்?’’

‘‘வேற யாரோ வாங்கிட்டாங்களாம்ணே.’’ கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னார். போனில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது.